ஒளி நெய்த ஆடை

ஆண்டவருடைய ஆடையின் விளிம்பைத் தொட்டாலே போதும் என்று நம்பிக் கூட்டத்தினூடே நெருங்கி வந்து, பன்னிரண்டு ஆண்டுத் துன்பத்தினின்று விடுபட்ட பெண்ணின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவளைக் குணமாக்கியது துணியன்று. ஆண்டவருடைய வல்லமையும் அவளுடைய விசுவாசமுமே ஆகும். ஆயினும், “துணியைக் கொண்டு நோய் தீர்க்க இயலுமா?” என்று இன்று எவரேனும் வினவுவாராயின், “இயலும், ஒளியை இழையாக்கி அத்தகைய துணியை நெய்திருக்கிறார்கள்” என்று நாம் விடை கூறலாம். அதனைப் பற்றியே இத்திங்கள் நம் குடும்பங்களோடு உரையாட விழைகிறோம்.

ஒளிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நம் நாட்டார்க்குப் புதிதன்று. வெண்புள்ளி கண்ட தோலுக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி, வெயிலில் சிறிது நேரம் இருக்கச் செய்வது நம் பழைய மருத்துவ முறை. அந்த விதையில் சோராலென் என்னும் பொருள் உண்டு என்பதும், அது ஒளிபட்டால்தான் தோலில் முழுமையாக வேலை செய்யும் என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. சோராலென் வகை மருந்தையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துக் காளாஞ்சகப்படை என்னும் தோல் நோய்க்கு அளிக்கும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்து தனியே இல்லை, வெயிலும் தனியே இல்லை; இரண்டும் கூடினால்தான் பயன் என்பதை நம் முன்னோர் கைப்பழக்கத்தால் கண்டிருந்தனர்.

மேனாட்டில் இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் ஆஸ்கர் ராப் என்னும் மாணவர் ஒருவர். ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரில், பேராசிரியர் தப்பைனரிடம் பயின்ற இவர், அக்ரிடின் என்னும் சாயம் நீரில் வாழும் நுண்ணுயிர்களை எவ்வளவு நேரத்தில் கொல்லுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். அளவு ஒன்றாயிருந்தும், நேரம் ஒரு நாளைக்கு ஒரு விதமாக மாறியது. வெளிச்சம் மிகுந்தபோது அவை விரைவில் மடிந்தன, இருளில் பிழைத்திருந்தன. இம்முடிவு 1900-இல் வெளியாயிற்று. 1903-இல் தப்பைனரும் அவருடைய உடனுழைப்பாளரும் இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளில் தடவி ஒளி பாய்ச்சினர். அதே 1903-இல், தோலைப் பற்றும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க்கு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும் நெடுநாள் நோயாளியே. தம் உடல் நலிந்திருக்கையில் பிறர் உடலுக்கு ஒளி தேடிய அவர், மறு ஆண்டே இறைவனடி சேர்ந்தார்.

இன்று இம்முறையை ஒளியியக்க மருத்துவம் என்கிறோம். இதற்கு மூன்று வேண்டும்: மருந்து, ஒளி, உயிர்வளி. தோலின் மேல் பூசப்படும் மருந்து, கெட்ட உயிரணுக்களுக்குள் சென்று போர்பைரின் என்னும் பொருளாக மாறுகிறது. நம் குருதிக்குச் சிவப்பைத் தரும் பொருள் உருவாகும் வழியில் இதுவும் ஒரு படியாகும். அதன்மேல் செவ்வொளி படும்போது, அது அருகிலுள்ள உயிர்வளியைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட உயிர்வளி, தான் பிறந்த அணுவையே எரித்து அழிக்கிறது. மருந்து தங்காத நல்ல அணு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நம் முத்துக்குளித்துறையில் மூச்சை அடக்கிக் கடலடி சென்ற குளியாளுக்கு உயிர்வளியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இம்மருத்துவத்திலும் அது குறைந்தால் ஒளி வீணாகிவிடும். செவ்வொளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லுமாதலால், மேலாக இருக்கும் கேட்டுக்கே இது பொருந்தும். ஆழ வேரோடிய புற்றுக்கு இது மட்டும் போதாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. விளக்கோ தட்டையானது, மனிதர் தலையும் முகமும் வளைந்தவை. நெற்றிக்கு மிகுந்து காதோரத்திற்குக் குறையும் ஒளியால் மருத்துவம் சீராக அமையாது. மேலும், வலிய ஒளி பாயும்போது நோயாளர் நெருப்புச் சுடுவது போன்ற வலியால் துடிப்பர். இடையில் நிறுத்தச் சொல்வோரும் உண்டு.

தீர்வு, நெசவுக்குப் பேர்பெற்ற ஒரு நிலப்பகுதியில் பிறந்தது. பிரான்சு நாட்டின் வடக்கிலுள்ள லீல், ரூபே நகரங்கள் ஒரு காலத்தில் ஆலைப் புகையால் மூடப்பட்டிருந்தவை. அங்கே மருத்துவ ஆய்வாளரும் நெசவுக் கல்லூரியினரும் ஒன்றுகூடினர். ஒளியைத் தன்னுள் கடத்திச் செல்லும் மெல்லிய நெகிழி இழையை, சாதாரண நூலோடு ஊடும் பாவுமாகக் கோத்து நெய்தனர். நேராக இருக்கும் இழையில் ஒளி உள்ளேயே ஓடிவிடும். நெசவில் இழை மேலும் கீழுமாக வளையும் இடந்தோறும் ஒளி சிறிது வெளியே கசியும். விளக்கின் அருகே வளைவு குறைவாகவும், தொலைவில் மிகுதியாகவும் அமையுமாறு நெசவு மாற்றப்பட்டால், துணி முழுவதும் ஒரே சீராக ஒளிரும். பூ வேலைப்பாட்டுக்காக நம் நெசவாளர் இழையைக் கணக்கிட்டு எடுப்பதுபோல, அவர்கள் ஒளிக்காகக் கணக்கிட்டார்கள்.

இத்துணியால் செய்த தலைக்கவசத்தை, வெயிலால் தடித்துப் பின்னர்ப் புற்றாக மாறக்கூடிய தோல் திட்டுகள் உடையோர்க்கு அணிவித்துச் சோதித்தனர். மெல்லொளி நெடுநேரம் பாய்ந்தது. பயன் பழைய முறைக்குக் குறையவில்லை; வலியோ வெகுவாகக் குறைந்தது. இத்திட்டுகள் வெண்ணிறத்தாரிடமே மிகுதி. எனினும், தோலில் நிறமின்றிப் பிறந்த நம் சகோதர சகோதரியர்க்கும் வெயிலால் வரும் இத்தகைய கேடுகள் மிகுதி என்பதை நாம் மறத்தலாகாது.

இத்துணிக்கு உறவான மற்றொன்று, பிறந்த குழந்தைக்குரியது. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்கு எடுத்துச் செல்லும் வழக்கமுடைய செவிலி வார்டு அம்மையார், 1956-இல் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். அதன் உடல் தெளிந்திருந்தது. துணியின் மூலை மூடியிருந்த ஓரிடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. காமாலையை ஒளி கரைக்கும் என்பது அவ்வாறு வெளிப்பட்டு, 1958-இல் மருத்துவ இதழில் அச்சேறியது. அன்று ஒளியை மறைத்தது துணி. இன்றோ துணியே ஒளி தருகிறது. சுவிட்சர்லாந்திலுள்ள எம்ப்பா ஆய்வுக்கூடத்தார், நீலவொளி வீசும் குழந்தைச் சட்டையைப் பற்றி 2017-இல் அறிவித்தனர். கண்கட்டோடு விளக்கடியில் தனியே கிடக்க வேண்டிய பிள்ளை, தாயின் மடியிலேயே குணமடைய இது வழிகாட்டுகிறது. பிறந்த சில நாளில் பிள்ளையைப் பிரிந்திருந்த தாய்மார்க்கே இதன் அருமை முழுதும் விளங்கும்.

நம் நாட்டிலும் முயற்சி உண்டு. அலிகார் மருத்துவக் கல்லூரியார் அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து, மின்கலத்தால் இயங்கும் சிறு விளக்கைக் கொண்டு, வாயில் தொடக்க நிலையிலுள்ள புற்றுக்கு இம்மருத்துவம் செய்து பார்த்தனர். பெரும்பாலோர்க்குப் புண் மறைந்தது. மின்சாரம் நிலையாக இல்லாத ஊரிலும் ஏழைக்கு இது எட்டவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் நீங்காத நம் கடற்கரையூர்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று.

தூத்துக்குடிக்கு நூலும் தொழிலாளர் வியர்வையும் பழக்கமானவை. 1908-இல் வ.உ.சிதம்பரனார் முன்னின்று நடத்திய கோரல் ஆலை வேலைநிறுத்தம் நம் ஊர் வரலாறு. நெசவும் மருத்துவமும் கைகோத்தால் என்ன விளையும் என்பதை லீல் நகரம் காட்டிவிட்டது. பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் இத்துறையையும் எண்ணிப் பார்க்கலாகாதா?

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பிறந்த பிள்ளையின் கண்ணும் மேனியும் மஞ்சளித்தால், இளவெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தவேண்டாம். அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். காமாலை மிகுந்தால் மூளை கெடும். வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ வெண்திட்டோ இருந்தால், வெட்கத்தால் மறைத்தல் கூடாது. கார்போகரிசியைத் தாமாகப் பூசி வெயிலில் நின்று தோலைச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

விளக்கை ஏற்றி மரக்காலின்கீழ் வைப்பாரில்லை என்று ஆண்டவர் மொழிந்தார். நோயை மறைப்பதும் அவ்வாறு ஒளியை மறைப்பதே. ஆதியில் ஒளியைப் படைத்த இறைவன், அதனை நூலாக நூற்கும் அறிவையும் மனிதர்க்கு ஈந்திருக்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வந்த அப்பெண்ணின் துணிவை நமக்கும் அருளுமாறு, பனிமய மாதாவின் வழியாக மன்றாடுவோமாக.