கண்ணாடி போட்டா கண்ணு தெளிஞ்சிருமா?

தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு மூக்குக்கண்ணாடியை அந்தத் தாய் எடுத்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. கடையில் வாங்கியபடியே இருந்தது.

"இத வாங்கி ரெண்டு வருசமாச்சுங்க ஐயா. ரெண்டு நாள் பேர விட்டுட்டு டவுனுக்குப் போயி, சீட்டுக் காசுல வாங்குனது. போட்டும் புள்ளைக்குக் கரும்பலகை தெரியலன்னு சொல்லிருச்சு. அப்புறம் என்னத்துக்குன்னு கழட்டி வச்சிட்டேன்."

மகளுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே தோலும் முடியும் வெளுத்து, கண்மணி சாம்பல் நிறமாக இருந்த பிள்ளை. வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். கொப்பியில் எழுத்து இல்லை. பக்கத்துப் பிள்ளை எழுதுவதைப் பார்த்து எழுதுவாளாம், அந்தப் பிள்ளை வராத நாளில் சும்மா இருப்பாளாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் தோட்டங்களில் அங்கொன்று இங்கொன்றாக இருக்கிறார்கள். லயத்தில் "வெள்ளைக்காரப் புள்ள" என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். பேர் வைத்துத்தானே இருக்கிறோம், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன? டொக்டர்மார் இதற்குச் சொல்லும் பெயர் அல்பினிசம். தோல், முடி, கண் மூன்றுக்கும் நிறம் கொடுக்கும் மெலனின் என்ற பொருள் உடம்பில் போதிய அளவு உண்டாகாத பிறவிக்குறை. இது குட்டமும் அல்ல, இடையில் வரும் வெண்புள்ளியும் அல்ல. தொட்டால் ஒட்டாது. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததாலோ, எதையோ தின்றதாலோ வந்ததும் அல்ல.

மெலனின் குறைவென்றால் வெளியே தெரிவது வெளுப்பு. ஆனால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் பெரிய தொல்லை பார்வைதான். ஆகவே தாய் கேட்ட கேள்வி மிக நியாயமானது. கண்ணாடி போட்டால் கண் தெளியுமா?

கண்ணாடி உதவும். ஆனால் முழுக்கத் தெளிய வைக்காது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புவதால்தான் கண்ணாடி தகரப் பெட்டிக்குள் போகிறது.

ஸ்டோரில் தேயிலை சலிக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சல்லடைக் கண் சின்னதாக இருந்தால் தூளையும் இலையையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். கண் பெரிதாக இருந்தால் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். அதோடு, தூள் சல்லடையின் மேல் சரியாக விழவும் வேண்டும். ஓரத்தில் கொட்டினால் நல்ல சல்லடை இருந்தும் பயனில்லை.

நம் கண்ணின் முன்பக்கம் இருக்கும் வில்லை, வெளிச்சத்தை ஒன்றுசேர்த்துப் பின்பக்கம் விழ வைக்கிறது. பின்பக்கம் இருக்கும் விழித்திரைதான் சல்லடை. அதன் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிறு குழி உண்டு. அங்கேதான் சல்லடைக் கண் மிக நெருக்கம். எழுத்து வாசிக்க, ஊசியில் நூல் கோர்க்க, தூரத்தில் வருபவர் முகத்தை அடையாளம் காண அந்தக் குழிதான் வேண்டும். அல்பினிசம் உள்ளவருக்கு அந்தக் குழி சரியாக உருவாவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளும் வழக்கமான அளவில் பிரியாமல், கூடுதலான இழைகள் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடுகின்றன. இவை தாய் வயிற்றில் கண் உருவாகும் காலத்திலேயே ஏற்படும் மாற்றங்கள். எந்தக் கண்ணாடியும், எந்த மருந்தும், எந்த ஒப்பரேசனும் அந்தக் குழியைப் புதிதாகச் செய்து தராது. கரட்டும் பொன்னாங்கண்ணியும் நல்ல சாப்பாடுதான், கொடுங்கள். ஆனால் அவை இந்தக் குறையைத் தீர்க்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அப்படியானால் கண்ணாடி எதற்கு? அல்பினிசம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் குறையோடு சேர்த்து இன்னொரு குறையும் இருக்கும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, அல்லது கோடுகள் ஒரு திசையில் மட்டும் கலங்கித் தெரியும் சரிவுப்பார்வை. பல பேருக்கு இது சாதாரணக் கண்ணாடிக்காரரைவிட அதிகம். அதாவது சல்லடையும் பெரிய கண், தூளும் ஓரத்தில் விழுகிறது. கண்ணாடி சல்லடையை மாற்றாது. தூளைச் சரியான இடத்தில் விழ வைக்கும். இருக்கிற சல்லடையால் முடிந்ததை முழுசாகச் செய்ய விடும்.

இதைக் கண் பரிசோதிக்கும் அட்டையை வைத்தும் சொல்லலாம். ஆறு மீற்றர் தூரத்தில் அட்டையைத் தொங்கவிட்டு வாசிக்கச் சொல்வார்கள். மேலே உள்ள ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தால் பார்வை 6/60. நல்ல கண் 60 மீற்றரில் காண்பதை இந்தக் கண் 6 மீற்றரில்தான் காணும் என்று அர்த்தம். அடுத்த வரி 6/36, அதற்கடுத்தது 6/24. கடைசியை ஒட்டி வருவது 6/6, அதுதான் முழுப் பார்வை. அல்பினிசம் உள்ளவர்கள் பலர் 6/60க்கும் 6/24க்கும் இடையில் இருப்பார்கள். சிலருக்கு அதைவிட நல்லது, சிலருக்கு அதைவிடக் குறைவு. சரியான கண்ணாடி போட்டால் ஒரு வரி, இரண்டு வரி கீழே வாசிப்பார்கள். 6/6க்கு வருவது மிக அரிது.

ஒரு வரி இரண்டு வரி என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6/60 இருந்த பிள்ளை 6/24க்கு வந்தால், முன்பு நாலு அடியில் நின்று பார்த்த எழுத்தைப் பத்து அடியில் நின்று பார்க்கலாம். நாலு அடி என்றால் ஆசிரியரோடு ஒட்டி நிற்க வேண்டும். பத்து அடி என்றால் முன் வாங்கில் உட்காரலாம். ஆனால் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பிள்ளை கண்ணாடி போட்டும் "தெரியல" என்று சொன்னது பொய்யல்ல. கண்ணாடி மீதும் குற்றமில்லை, வாங்கை மாற்றவில்லை என்பதுதான் விஷயம்.

கண்ணாடியை எப்போது போடுவது? "வளரட்டும், பள்ளிக்கூடம் சேர்க்கும்போது பாத்துக்கலாம்" என்பார்கள். இது தவறு. பார்க்கக் கற்றுக்கொள்வது கண் மட்டுமல்ல, மூளையும்தான். அது பெரும்பாலும் முதல் ஏழெட்டு வயதுக்குள் நடக்கிறது. அந்தக் காலமெல்லாம் கலங்கிய படமே போய்ச் சேர்ந்தால், பிறவிக்குறைக்கு மேல் இன்னொரு குறையும் ஏறிவிடும். பிறகு நல்ல கண்ணாடி போட்டாலும் முழுப் பயன் கிடைக்காது. பேச்சு வராத கைக்குழந்தைக்கும் அளவு எடுக்கலாம். கண்ணுக்குள் ஒரு விளக்கொளியை அடித்து, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்தே டொக்டர் பவரைச் சொல்லிவிடுவார். பிள்ளை வாய் திறக்க வேண்டியதே இல்லை.

அதற்கு முன் கண்ணில் மருந்து விடுவார்கள், அல்லது வீட்டில் பூச மருந்து கொடுப்பார்கள். அதனால் பார்வை கலங்கும், வெளிச்சம் இன்னும் கூசும். சில மணி நேரமோ சில நாளோ இருந்து தானாகப் போய்விடும், பயப்பட வேண்டாம். கிளினிக் போகும் அன்று குடையும் தொப்பியும் மறக்காமல் கொண்டுபோங்கள். இரண்டு தடவை மூன்று தடவை போக வேண்டி வரலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறது என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆகவே முதலிலேயே தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் கடிதம் வாங்கி, கிளினிக் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் காசில்லை. கண்ணாடிக்கான செலவுக்கு உதவி தேவைப்பட்டால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இனி, பலருக்குப் பயத்தைக் கொடுக்கும் விஷயம். இந்தப் பிள்ளைகளின் கண் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கும். வலிப்பு என்று நினைத்து ஓடி வருகிறார்கள், கண்ணேறு என்று மந்திரிக்கவும் போகிறார்கள். இரண்டும் அல்ல. வளர வளர ஆட்டம் ஓரளவு குறையும். பிள்ளைக்கு உலகம் ஆடுவதாகத் தெரியாது, மூளை பழகிக்கொள்ளும். கண்ணாடி ஆட்டத்தை நிறுத்தாது. ஆனால் பிள்ளையே ஒரு வழி கண்டுபிடிக்கும். தலையை ஒரு பக்கம் திருப்பி, அல்லது நாடியைத் தாழ்த்திப் பார்க்கும்போது ஆட்டம் குறைந்து எழுத்து நிற்கும். அதனால்தான் அப்படிக் கோணலாகப் பார்க்கிறது. "கழுத்த நேரா வையி" என்று அடிக்காதீர்கள். அது பிள்ளைக்குக் கிடைத்த நல்ல இடம். கண்ணாடி வாங்கும்போதும் இதை நினைவில் வைத்து, தலையைத் திருப்பினாலும் கண்ணாடிக்குள்ளாகவே பார்க்கக்கூடிய அகலமான பிரேமாக எடுங்கள். மூக்கில் வழுகாமல் பின்னால் ஒரு இலாஸ்டிக் நாடா போட்டால் இன்னும் நல்லது.

புத்தகத்தை மூக்கில் முட்டுகிற மாதிரி வைத்துப் படிப்பதும் அப்படித்தான். கிட்டே கொண்டுவந்தால் எழுத்து பெரிதாகும், பலருக்குக் கண் ஆட்டமும் குறையும். அதனால் கண் கெடாது. கிட்டப்பார்வை உள்ள சில பிள்ளைகள் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அப்படி நன்றாகத் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். நாற்பது தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வருவது எல்லாருக்கும் பொது, அல்பினிசம் உள்ளவருக்கும் அப்போது கிட்டத்துக்கு வேறு பவர் தேவைப்படும். சின்ன எழுத்துக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, தூரத்துக்கு ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கி என்பனவும் உண்டு. பெரிய கண் வைத்தியசாலைகளில் கேட்டுப் பார்க்கலாம். இப்போது வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி இருக்கிறதே, அதில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் அதே வேலையைச் செய்யும். பாடசாலைக்குக் கொண்டுபோக அதிபரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

வெளிச்சம் கூசுவது வேறு கதை. நம் கண்மணியில் உள்ள நிறம் ஜன்னல் சீலை மாதிரி வேண்டாத வெளிச்சத்தைத் தடுக்கிறது. இவர்களுக்கு அந்தச் சீலை மெல்லியது. வெயிலில் கண்ணைச் சுருக்குவது அதனால்தான். பவர் கண்ணாடியிலேயே லேசான நிறம் போட்டு வாங்கலாம். ஆனால் கும்மிருட்டுக் கறுப்புக் கண்ணாடி வகுப்புக்குள் வேண்டாம், இருக்கிற பார்வையையும் அது மறைத்துவிடும். வெளியே போகும்போது அகன்ற விளிம்புத் தொப்பி பாதி வேலையைச் செய்துவிடும். வகுப்பில் ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்காமல், வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி வையுங்கள்.

தொப்பி தோலுக்கும் வேண்டும். மலையில் குளிர்கிறதே, மூடுபனிதானே என்று நினைப்போம். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்தளவு கூடுகிறது. மேகத்தையும் தாண்டி வருகிறது. மெலனின் இல்லாத தோலில் அது எரிந்து, பல வருடத்தில் புற்றுநோயாகவும் மாறலாம். முழுக்கைச் சட்டை போடுங்கள். ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள்.

இன்னொன்று, இவர்களுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளப்பது குறைவு. கண்ணாடி இதையும் சரிசெய்யாது. படி இறங்கும்போது, காண் தாண்டும்போது தடுமாறுவார்கள். லயத்துப் படிகளின் ஓரத்தில் ஒரு கோடு சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

அந்தத் தாய் கடைசியாகக் கேட்டார்: "போகப் போக குருடாயிருமா ஐயா?" ஆகாது. இது நாளுக்கு நாள் மோசமாகும் நோய் அல்ல. சின்ன வயதில் கொஞ்சம் முன்னேறவும் செய்யும். இவர்களில் பெரும்பாலானோர் சாதாரணப் பாடசாலையில், அச்சு எழுத்திலேயே படிக்கக்கூடியவர்கள். பரீட்சைகளுக்குப் பெரிய எழுத்து வினாத்தாளும் மேலதிக நேரமும் கேட்டு, வைத்தியச் சான்றிதழோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். புலமைப்பரிசிலுக்கு இன்னும் நாளிருக்கிறது என்று விட்டுவிடாமல் இப்போதே அதிபரிடம் பேசுங்கள்.

"அடுத்த புள்ளைக்கும் வருமா?" என்றும் கேட்டார். தோல், முடி, கண் மூன்றும் வெளுக்கும் வகை, தாயிடமும் தகப்பனிடமும் மறைந்திருக்கும் குறை இரண்டும் ஒரே பிள்ளையில் சேரும்போது வருகிறது. ஆகவே யார் பக்கத்துக் குற்றம் என்று சண்டை போட இடமே இல்லை. அந்தப் பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பெட்டியிலிருந்த கண்ணாடியை அன்றே போட்டுப் பார்த்தோம். இரண்டு வருடத்தில் முகம் வளர்ந்து பிரேம் இறுக்கமாகிவிட்டது. பவரும் மாறியிருக்கக்கூடும், பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப அளக்க வேண்டும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பழைய கண்ணாடியையும் பழைய துண்டையும் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். அவற்றைப் பார்த்தால் எவ்வளவு மாறியிருக்கிறது என்று டொக்டருக்குத் தெரியும். வாங்கு மாற்றும் விஷயத்துக்கு வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.