முன்கை எக்ஸ்ரே சொல்லும் சேதி

மூட்டு வலி, முதுகு வலி என்று போகிறவர்கள் தாங்களாகவே எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். கட்டணம் கூடிய ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். தருமபுரி மாவட்டத்தை நெடுங்காலமாக வாட்டும் ஃபுளோரோசிஸ் நோயில் அந்த நம்பிக்கை செல்லுபடியாகாது. இங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி ஃபுளோரைடு இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்ததே அதனால்தான். ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் எலும்பு கெட்டிப்படும். தசைநாரிலும் சவ்விலும் சுண்ணாம்புச் சத்து படியும். சுண்ணாம்பு எக்ஸ்ரே கதிர்களைத் தடுப்பதால் படத்தில் வெள்ளையாக விழும். முன்கையை ஒரு படம் எடுத்தால் போதும்: இரண்டு எலும்புகளையும் இணைக்கும் சவ்வு சுண்ணாம்பேறி, எலும்பின் ஓரத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். சென்னை மாகாணத்தில் இந்நோய் பற்றி ஷார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1937-ல் எழுதியபோது, சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் உலகிலேயே இல்லை.

எம்.ஆர்.ஐ. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைக் காந்தப்புலத்தில் வைத்துப் படமாக்குகிறது. சுண்ணாம்பேறிய இடத்திலிருந்து அதற்குச் சமிக்ஞை வருவதே அரிது. அங்கே கறுப்புதான் தெரியும். ஒலியலைகளை எலும்பு திருப்பி அனுப்பிவிடுவதால் அல்ட்ராசவுண்டும் இதற்கு உதவாது. கர்ப்பப்பை, பித்தப்பை, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு அதுவே முதல் தேர்வு. சி.டி. சுண்ணாம்பின் தடிமனைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட் என்றால், வயிற்று சி.டி.யில் அது சுமார் 8 வரை போகும். அறுவை சிகிச்சையைத் திட்டமிடுவது போன்ற தேவை இருந்தால்தான் அந்த அளவைத் தாங்குவதில் நியாயம் உண்டு.

ஆரம்பக்கட்ட நோய் எக்ஸ்ரேயில் தெரியாதே என்று கேட்கலாம். உண்மைதான். அதற்கு விடை பெரிய ஸ்கேனில் இல்லை. சிறுநீரிலும் குடிக்கும் நீரிலும் ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையில் இருக்கிறது. முதுகெலும்புக் காசநோயோ புற்றுநோயோ தவறிப்போகாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. காய்ச்சல், எடை குறைதல், இரவிலும் விடாத வலி இருந்தால் எக்ஸ்ரேயோடு நிற்கக் கூடாது. ஃபுளோரோசிஸிலேயே தசைநார் தடித்துத் தண்டுவடத்தை நெருக்கினால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீர் கட்டுப்பாடு போகும். அந்த நெருக்கத்தை எம்.ஆர்.ஐ.தான் சரியாகக் காட்டும். அந்த நிலையில் நாள் கடத்தினால் இழந்த கால்பலம் திரும்பாமலே போகலாம்.