உயிராய் வளர்க்கும் குழந்தை மீதே தாய்க்கு எரிச்சல் வருவது ஏன்?

ஒரே ஆளின்மீது அன்பும் வெறுப்பும் ஒருசேர எழுவதை உளவியலார் இருமன உணர்வு என்பர். தாய்மையில் இது விதிவிலக்கன்று, இயல்பே.

பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வின்னிகாட், 1949இல் வெளியான கட்டுரையில், தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கு 18 காரணங்களை அடுக்கினார். பாலருந்தும்போதே காம்பை நோகச் செய்வதும், தாய் ஊட்டினால் மறுத்துவிட்டு அத்தை ஊட்டினால் சமர்த்தாகச் சாப்பிடுவதும் அவற்றுள் அடங்கும்!

இது எப்படி நிகழ்கிறது? நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் சில நாள்களிலேயே சரிந்து மனநிலையை உலுக்க, பாலூட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசினோ பிணைப்பை வளர்க்கிறது. மூளையின் ஆழத்தில் ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் பகுதி குழந்தையின் அழுகைக்குத் துள்ளி விழிக்கிறது. அதை அடக்கியாள வேண்டிய நெற்றிப்புற மூளை, தூக்கம் கெட்டால் பிடி தளர்கிறது. 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும் பிள்ளை இருக்கும் வீட்டில் தூக்கம் ஏது?

ஒரே சிலிண்டரில் எரியும் இரட்டை அடுப்பை எண்ணிப் பாருங்கள்: ஒன்றைப் பற்றவைப்பதால் மற்றது அணைவதில்லை. குழந்தை மீதுள்ள ஓயாத கவனமே இங்கு எரிவாயு. பாசமும் சலிப்பும் அதிலேயே எரிகின்றன. தாயைத் தெய்வமாக்கி மனுஷியாக இருக்கவிடாத சமூகம், இதன்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவிடுகிறது.

எனினும், பிரசவத்துக்குப் பின் தாய்க்குச் சோர்வும் அழுகையும் 2 வாரங்களைத் தாண்டினாலோ, குழந்தைக்கோ தனக்கோ தீங்கு செய்யும் எண்ணம் தலைகாட்டினாலோ, தயங்காமல் உடனே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.