வௌவால் மனிதனின் மூன்றாம் படம் ஏமாற்றியதா?

முதல் படம் நன்றாக இருந்தால் இரண்டாவதை ஆவலோடு பார்க்கப் போகிறோம். இரண்டாவதும் பிரமாதமாக அமைந்துவிட்டால், மூன்றாவதின் பாடு திண்டாட்டந்தான்! கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'பேட்மேன்' படங்களுக்கும் இந்தக் கதிதான் நேர்ந்தது. 2005இல் 'பேட்மேன் பிகின்ஸ்', 2008இல் 'தி டார்க் நைட்', 2012இல் 'தி டார்க் நைட் ரைசஸ்' என்று மூன்று படங்கள். கடைசிப் படம் வந்த நாள் முதல் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், வீட்டில் கைப்பேசியில் பார்த்துவிட்டு வரும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் இதே சண்டையைத்தான் போடுகிறார்கள். இந்தப் பஞ்சாயத்தில் நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன், வாசகர்களே. முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. படம் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.

பேட்மேன் 1939இல் அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகத்தில் பிறந்தவன். பெருஞ் செல்வரின் ஒரே மகன் புரூஸ் வெய்ன். பெற்றோரைத் திருடன் ஒருவன் சுட்டுக் கொன்றுவிட, வீட்டுப் பணியாளர் ஆல்பிரட் அவனை வளர்க்கிறார். நம் வழக்கில் சொன்னால், துரை பங்களாவில் அநாதையாகிவிட்ட பிள்ளையைப் பட்லர் எடுத்து ஆளாக்கிய கதை. வளர்ந்த பிள்ளை இரவில் வௌவால் வேடமிட்டுக் காத்தம் நகரத்துக் கயவர்களோடு மோதுகிறான். அவனுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. பணமும் உடல் உரமும் பிடிவாதமுமே அவன் ஆயுதங்கள்.

இரண்டாவது படத்தைத் தூக்கி நிறுத்தியவர் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர். படம் வெளிவருமுன்பே, 2008 ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார். மறு ஆண்டு சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அப்படிப்பட்ட வில்லனுக்குப் பிறகு யார் வந்து நின்றாலும் இளைத்தவராகத்தானே தெரிவார்? மூன்றாவது படத்து வில்லன் பேன். மூக்கையும் வாயையும் மறைத்த முகமூடிக்குப் பின்னாலிருந்து, கண்ணையும் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு டாம் ஹார்டி நடித்திருக்கிறார். மிரட்டல் இருக்கிறது. ஆனால் பேசுவதில் பாதி காதில் விழுவதில்லை. அவன் சாகும் விதமோ இன்னும் மோசம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊரையே நடுங்க வைத்தவனை, பூனைப் பெண்ணாக வரும் ஆன் ஹாத்வே வண்டியில் வந்து ஒரே வெடியில் முடித்துவிடுகிறார்! வசூலில் இரண்டு படங்களுமே நூறு கோடி டாலரைத் தாண்டின. ஆனால் இரண்டாவதுக்கு எட்டு ஆஸ்கார் பரிந்துரைகள். மூன்றாவதுக்கு ஒன்றுகூட இல்லை.

ஆகவே, இரண்டாவது படத்தோடு நிறுத்துப் பார்த்தால் தராசு மூன்றாவதின் பக்கம் சாயாது. ஆனால் அதை முதல் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

முதல் படத்தின் தொடக்கத்தில் சிறுவன் புரூஸ் பாழுங்கிணற்றில் விழுகிறான். வௌவால்கள் பறந்து வந்து அவன் முகத்தில் மோதுகின்றன. தந்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மகனை மார்போடு அணைத்துத் தூக்கி வருகிறார். விழுவது எழக் கற்றுக்கொள்ளத்தான் என்றும் சொல்லித் தருகிறார். மூன்றாவது படத்தில் அதே பிள்ளை, முதுகெலும்பு முறிந்து, கிணறு போன்ற ஒரு பாதாளச் சிறையில் கிடக்கிறான். இப்போது தந்தை இல்லை, ஆல்பிரட்டும் இல்லை. சிறையில் ஒரு கயிறு இருக்கிறது. ஏற நினைப்பவர்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். பாதியில் ஒரு தாண்டு தாண்ட வேண்டும். தவறினால் கயிறு பிடித்துக்கொள்ளும். அதனாலேயே கயிறு கட்டி ஏறியவர் யாரும் தாண்டியதில்லை! கயிறு இல்லாமல் ஏறு, உயிர்ப்பயம் இருந்தால்தான் கால் உந்தும் என்கிறார் கண் தெரியாத கிழக்கைதி ஒருவர். புரூஸ் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏறுகிறான். தாண்டப் போகும் நேரத்தில் சுவர் இடுக்கிலிருந்து வௌவால்கள் பறக்கின்றன. தாண்டி மேலே வந்தவன், கீழே இருப்பவர்களுக்கு ஒரு வடத்தை எடுத்து வீசுகிறான். மேலே வந்து நிற்கும் அந்த இடம் இராஜஸ்தானத்து ஜோத்பூர். பின்னால் தெரிவது மெஹ்ரான்கட் கோட்டை.

இந்த ஒரு காட்சிக்காகவே படம் எதிர்பார்ப்பை நிறைவேற்றிவிட்டது என்பேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் போட்ட முடிச்சை மறக்காமல் அவிழ்த்திருக்கிறார்களே!

குறைகளும் கண்ணில் படாமல் இல்லை. முறிந்த முதுகு, ஓங்கி ஒரு குத்திலும் கயிற்றுத் தொங்கலிலும் சில மாதங்களில் சரியாகிவிடுகிறது. சல்லிக்காசு இல்லாதவன், அடைத்துப் பூட்டிய ஊருக்குள் எப்படி வந்து சேர்ந்தான் என்று யாரும் கேட்பதில்லை. சரி, இவற்றை மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. பேன் நகரத்தைப் பிடித்துக்கொண்டு, பணக்காரர்களிடமிருந்து பறித்து மக்களிடமே ஒப்படைப்பதாக முழங்குகிறான். ஐந்து மாதம் அவன் ஆட்சி நடக்கிறது. அந்த மக்கள் எங்கே? ஓர் ஏழை வீட்டு அடுப்பையாவது காட்டினார்களா? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குண்டுக்குப் பயந்திருக்கும் ஒரு தாயைக் காட்டினார்களா? ஏழைகள் என்றால் மாளிகையில் புகுந்து சாமான்களை உடைக்கும் கும்பல், அவ்வளவுதான். உழைத்துச் சாப்பிடுகிற நமக்கு இது உறுத்துகிறது.

இத்தனைக்கும் படத்தின் முற்பகுதியில் நல்ல விதை ஒன்றைத் தூவியிருந்தார்கள். அநாதை விடுதிப் பையன் ஒருவன் சாக்கடையில் பிணமாகக் கிடக்கிறான். புரூஸின் கம்பெனியில் இலாபம் நின்றதால் விடுதிக்குத் தந்த பணமும் நின்றுவிட்டது. பதினாறு வயது ஆனவர்கள் வெளியேற வேண்டும். பாதாளத்தில் வேலை இருக்கிறது என்று பேச்சு அடிபட, பையன்கள் அங்கே போகிறார்கள். தோட்டம் விற்கப்பட்டு, குடியிருப்பும் போய், பட்டணத்து ஓரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களில் எத்தனை பையன்கள் 'வேலை இருக்கிறது, வா' என்று கூப்பிட்டவன் பின்னால் போனார்கள்! நமக்குத் தெரிந்த கதைதான் இது. அதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு வெடிகுண்டைத் துரத்தப் போய்விட்டார் இயக்குநர். வீட்டில் வயதுக்கு வந்த பையன் இருந்தால், அந்த இடத்தில் படத்தை நிறுத்தி அவனோடு கொஞ்சம் பேசுங்கள்.

ஆல்பிரட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மைக்கேல் கெய்ன் நடித்திருக்கிறார். எடுத்து வளர்த்த பிள்ளை சாவைத் தேடிப் போவதைப் பார்க்கச் சகிக்காமல், உண்மையை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போகிறார். தாம் கண்டு வந்த ஒரு கனவையும் சொல்கிறார். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்து உணவுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கும்போது, எதிர் மேசையில் அவன் மனைவியோடு இருக்க வேண்டும். இருவரும் பேசிக்கொள்ள வேண்டாம், அவன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்தால் போதும் என்கிறார். பெற்றவர்கள் சொல்கிற பேச்சு அல்லவா இது! பிற்பாடு கல்லறையின் முன் நின்று, பிள்ளையைக் காப்பாற்றத் தவறிவிட்டேன் என்று அவர் விம்மும்போது, சம்பளம் வாங்கும் வேலைக்காரர் என்ற நினைவே வருவதில்லை.

படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். நடுவில் உள்ளதைச் சின்னப் பிள்ளைகளுக்கு இரவில் காட்ட வேண்டாம், ஜோக்கர் கனவில் வருவான். கடைசிப் படத்தில் கடலுக்கு மேல் குண்டு வெடித்ததும் கதை தீர்ந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஃபுளோரன்ஸ் உணவுக்கடை அதற்குப் பிறகுதான் வருகிறது.