நாயின் காதும் நம் வீட்டுக் களிம்பும்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் விறாந்தையில் படுத்திருக்கும் நாய் காதைச் சொறிந்து தலையை உதறத் தொடங்கும். கிட்டப் போனால் புளித்த நாற்றம். காதினுள் மண்ணிறக் குறும்பி. நாட்பட்டால் வயிற்றுத் தோல் யானைத் தோல்போல் கறுத்துத் தடிக்கும். நாமும் "சொறி பிடித்துவிட்டது" என்று, அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் நமது களிம்பையே எடுத்துப் பூசிவிடுகிறோம்.

இத்தகைய தொல்லைக்கு முக்கியமான ஒரு காரணம் 'மலசீசியா' என்னும் மதுவம். சுகமான நாயின் தோலிலும் சிறிதளவு இருக்கும். ஈரம், ஒவ்வாமை போன்றவை சேரும்போது பெருகிவிடும். பூனைகளில் இது குறைவு. உடல் முழுவதும் பரவினால் வேறு நோய் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

நாம் பூசும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். அது கடியை அடக்கும், பங்கசை அழிக்காது. சுகமென்று நினைத்து நான்கு நாளில் நிறுத்தினால், மருந்தைத் தாங்கி நின்ற பங்கசுகளே மீண்டும் பெருகும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

மருந்துக்கு மசியாத பங்கசு வெறும் பயமுறுத்தல் அல்ல. 'கன்டிடா ஓரிஸ்' என்ற மதுவம் 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து முதன்முதலாக இனங்காணப்பட்டது. பல மருந்துகளுக்கு அடங்காத அதனை உலக சுகாதார நிறுவனம் 2022இல் மிக ஆபத்தான பங்கசுகளின் வரிசையில் சேர்த்தது. 2023இல் வெளியான ஆய்வொன்று, டில்லித் தெருநாய்களின் காதுகளிலும் அது இருந்ததைக் காட்டியது. நம் வீட்டு நாய்க்கு வருவது பெரும்பாலும் சாதாரண மலசீசியாதான். ஆனால் அதிலும் மருந்தை எதிர்க்கும் வகைகள் சில நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன.

ஆகவே முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். காதுக் குறும்பியை நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே மதுவமா, பக்டீரியாவா, உண்ணியா என்று தெரிந்துவிடும். செவிப்பறை கிழிந்திருக்கக் கூடுமாதலால் அவர் பார்க்கும் முன் காதில் எதையும் ஊற்றாதீர்கள். தோலுக்குக் குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பு நல்ல பலன் தரும். வாரம் இருமுறை, நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைக்க வேண்டும். கீட்டோகொனசோல் போன்ற குளிசைகள் ஈரலைப் பாதிக்கக் கூடியவை, சுயமாகக் கொடுக்கலாகாது. பூனையோ பூசியதை நக்கி விழுங்கிவிடும்.

நாற்றம் போனதும் மருந்தை நிறுத்தாமல், வைத்தியர் சொன்ன நாள்வரை தொடருங்கள். வாயில்லாச் சீவன் தனக்கு நோகிறதென்று சொல்லாது. நாம்தான் கவனிக்க வேண்டும்.