வாசற்படியின் விலை

வீட்டில் ஒரு சந்தேகம் எழுந்தால் அகராதியையோ பெரியவர்களையோ நாடிப் போவது இப்போது அநேகமாக நின்றுவிட்டது. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பதிலிருந்து பரீட்சை முடிவு வரையில் எல்லாவற்றையும் கைப்பேசியிடமே கேட்கிறோம். பதில் சொல்லுகிறவரை நாமாகத் தேர்ந்தெடுத்தோமா என்று யோசித்தால், இல்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும்போதே பெரும்பாலான கைப்பேசிகளில் கூகிள் குடியேறியிருக்கிறது.

இணையத்தில் தேடித் தரும் யந்திரங்களுக்குள் ஒரு காலத்தில் மெய்யான பந்தயமே நடந்தது. 1994-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர் இருவர் யாஹூவைத் தொடங்கினர். மனிதர்களே பக்கங்களைப் பார்த்து இனம் பிரித்து வைத்த அட்டவணை அது. 1995 டிசம்பரில் வெளிவந்த ஆல்டாவிஸ்டாவோ, பக்கங்களிலுள்ள சொற்களையெல்லாம் தானே படித்துத் தேடிற்று. ஒன்றில் அகப்படாததை மற்றொன்றில் தேடுவது அன்று ஜனங்களுக்கு வழக்கம்.

1998-ல் லாரி பேஜ், ஸெர்ஜி பிரின் என்ற வாலிபர் இருவர் கூகிளை ஸ்தாபித்தனர். அவர்களுடைய யுக்தி உபாத்தியாயராகிய நமக்கு எளிதில் விளங்குவது. விடைத்தாளில் 'அசோகர்' என்ற சொல் எத்தனை தரம் வருகிறதென்று எண்ணி மார்க்குப் போட்டால், கெட்டிக்காரப் பையன் அச்சொல்லையே பக்கம் முழுதும் எழுதி வைப்பான். பழைய யந்திரங்களுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. புதியவர்களோ, ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுவோரின் யோக்கியதை என்ன என்று பார்த்தார்கள். வெற்றி நியாயமான வெற்றியே. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. யாஹூவே 2000 முதல் 2004 வரையில் தன்னிடம் வந்தவர்களுக்குக் கூகிளின் விடைகளை வழங்கிற்று. ஆல்டாவிஸ்டா 2013-ல் மூடப்பட்டது.

ஆனால் வென்ற இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேறொரு வழி பிறந்தது. கைப்பேசி செய்வோருக்கும், இணையத்தில் உலாவும் கருவி செய்வோருக்கும் பணம் கொடுத்து, 'எங்களையே முதலில் வையுங்கள்' என்று ஒப்பந்தம் செய்துகொள்வதுதான் அது. 2021-ம் வருஷத்தில் இதற்காகக் கூகிள் கொடுத்தது 2,630 கோடி டாலர்! 2022-ல் ஆப்பிள் கம்பெனிக்கு மட்டும் 2,000 கோடி. ஜனங்கள் தாமே தேடி வருவாராயின் வாசற்படிக்கு இவ்வளவு விலை எதற்கு? அமெரிக்க அரசாங்கம் 2020-ல் தொடுத்த வழக்கில், கூகிள் சட்டத்துக்கு விரோதமாக ஏகபோகத்தைக் காத்து வருகிறதென்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். மற்றவரை அடியோடு விலக்கும் ஒப்பந்தங்கள் கூடாதென்று 2025 செப்டம்பரில் கட்டளையும் பிறந்தது. பணம் கொடுப்பதை மட்டும் அவர் தடுக்கவில்லை.

தென் கொரியாவின் கதை வேறு. 1999-ல் நேவர் என்ற சுதேசி யந்திரம் அங்கே தோன்றியபோது, கொரிய மொழியில் இணையத்திலிருந்த எழுத்தே சொற்பம். தேடுவதற்கு யந்திரம் இருந்தும், தேடிக் கிடைக்கச் சரக்கில்லை. ஆகவே 2002-ல், ஜனங்களே கேள்வி கேட்டு ஜனங்களே விடையெழுதும் மன்றம் ஒன்றை நேவர் திறந்தது. கேள்விகளும் விடைகளும் வந்து குவிந்தன. கூகிள் மற்ற நாடுகளைப்போல் அங்கே எளிதில் வேரூன்ற முடியவில்லை. நேவர் தன் சொந்தச் சரக்கையே முன்னால் பரப்புகிறதென்ற புகார் அந்நாட்டில் உண்டு. சுதேசி என்பதற்காக அதை மறைப்பானேன்?

சென்ற மாதம் நாம் கைப்பேசியின் அமைப்பை மாற்றி, இரண்டு யந்திரங்களிடம் தமிழிலேயே, ரோஜாச் செடிக்கு வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு இடுவது என்று கேட்டுப் பார்த்தோம். இரண்டும் அதே அரைகுறைப் பக்கங்களையே நீட்டின. அடுத்த தெருத் தோட்டக்காரரைக் கேட்டோம். அளவு, பருவம், செய்யக்கூடாதது எல்லாம் கால் மணியில் சொல்லிவிட்டார். கூட வந்திருந்த நம் மாணவன் ஒருவன் அத்தனையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, "இதை இணையத்தில் போடலாமா, ஸார்?" என்றான்.