சேர்ப்பதா, சேர்வதா?

பிழைப்பைத் தேடிப் பாரதத்தின் எந்த மூலைக்குச் சென்றாலும், தமிழர் அங்கே ஒரு கோயிலையும் ஒரு சங்கத்தையும் ஏற்படுத்திக்கொள்கின்றனர். நல்ல காரியங்களுக்கு இவ்விரண்டும் போதும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தாலோ, குடி ஒருவரை விடாது பற்றிக்கொண்டாலோ, அதைக் கோயிலிலும் சங்கத்திலும் வாய்விட்டுச் சொல்ல நமக்குத் துணிவு வருவதில்லை. ஊராக இருந்தால் பெரியப்பாவோ தாய்மாமனோ வந்து நிற்பார். அயல் மாநிலத்தில் அண்டை வீட்டாரே அந்த உறவினர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தில்லியில் எங்கள் குடியிருப்புக்கு அருகே சிற்றுண்டிக் கடை நடத்தும் ஒருவரின் மனைவி என்னிடம் வந்தார். கணவர் பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர். பிள்ளைகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, ஒரே நாளில் குடியை நிறுத்தினார். இரண்டாம் நாள் இரவு கைகால்கள் நடுங்கின, வலிப்பும் கண்டது. பயந்துபோய் வீட்டாரே மீண்டும் மதுவை வாங்கிக் கொடுத்துவிட்டனர். பெண்ணின் தமையன் ஓரிடம் கேட்டு வந்திருந்தார். சொன்னால் இரவில் வண்டியோடு ஆட்கள் வந்து தூக்கிச் செல்வார்களாம். ஆறு மாதம் வைத்துத் திருத்தி அனுப்புவார்களாம். “அண்ணா, இப்படிச் சேர்த்துவிடலாமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்” என்றார் அந்த அம்மையார். மொழிபெயர்ப்பு என் உத்தியோகமேயன்றி வைத்தியம் அன்று. ஆயினும் அவர்களோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று, டாக்டர் கூறியதைத் தமிழில் எடுத்துச் சொன்னேன். அன்றும் அதன் பின்னரும் அறிந்துகொண்டவற்றை நேயர்களுக்குக் கூறுவது பயனுடையது என்று கருதுகிறேன்.

முதற்கண் தெளிய வேண்டியது, தங்கிச் சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் தேவையா என்பது. தேவையில்லை. மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் ஆகியவற்றால் வருந்துவோரில் பெரும்பாலோர், வெளிநோயாளியாக வந்துபோய், மருந்து உண்டு, ஆலோசனை பெற்று நலமடையக் கூடியவர்கள். வேலையும் வீடும் குலையாமல் குணம் காண இயலுமாயின் அதுவே நல்ல வழி.

அப்படியானால் எவர் தங்க வேண்டும்? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்திருப்பவர். இல்லாத குரல் கேட்டும், இல்லாத உருவம் கண்டும் தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் இருப்பவர். உணவும் நீரும் மறுத்துக் கிடப்பவர். குடியை முன்னர் நிறுத்தியபோது வலிப்போ சித்தப்பிரமையோ கண்டவர். கல்லீரல், இருதயம் முதலியவற்றிலும் நோயுள்ளவர். வெளிநோயாளியாகப் பலமுறை முயன்றும் தோற்றவர். வீட்டில் கவனித்துக்கொள்ள ஆளில்லாதவர், அல்லது உடன் வசிப்போர் யாவரும் குடிப்பவராக இருப்பவர். தனி அறை எடுத்து நண்பர்களோடு வாழும் நம் இளைஞர்களில் பலருக்கு இந்தக் கடைசிக் காரணம் பொருந்தும்.

மதுவைத் திடீரென நிறுத்துவது வைராக்கியத்தின் அடையாளம் என்று நாம் எண்ணுகிறோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவருக்கு அஃது ஆபத்தாகவும் முடியலாம். மூளை, மதுவின் மந்தப்படுத்தும் தன்மைக்கு எதிராகத் தன்னை முடுக்கிவைத்துக்கொண்டே பழகியிருக்கிறது. மது நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் கடுமையான சித்தக் கலக்கம் உண்டாகும். சிகிச்சையின்றி விட்டால் உயிரும் போகலாம். மருத்துவர்கள் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தையமின் என்னும் ஜீவசத்தையும் செலுத்தி, இக்கட்டத்தை அபாயமின்றிக் கடத்துகிறார்கள். வலிப்புக் கண்ட அந்த மனிதரை வீட்டில் வைத்திருப்பது தகாது என்று டாக்டர் கூறியதன் காரணம் இதுதான்.

ஆனால் இந்த முதற்கட்டம் ஏறத்தாழ ஒரு வாரம் அல்லது பத்து நாட்களே. உடலிலிருந்து நஞ்சு நீங்குவது ஒன்று. பழக்கம் நீங்குவது மற்றொன்று. ஏன் குடிக்கிறோம், எந்த வேளையில் கை தானாகச் செல்கிறது, சம்பள நாளன்று என்ன செய்வது என்பன போன்றவற்றை ஆலோசகரோடு அமர்ந்து ஆராய்வது இரண்டாம் கட்டம். மூன்றாவது, வீடு திரும்பிய பின் மாதக்கணக்கில் தொடரும் கண்காணிப்பு. மீண்டும் வழுக்கி விழுதல் இந்நோயின் இயல்புகளில் ஒன்று. அதை நன்றிகெட்டதனம் என்று வைதால் நோயாளி மருத்துவரிடம் திரும்பமாட்டார். அபினி வகைப் பொருள்களுக்கு அடிமையானவர் விஷயத்தில் தனி எச்சரிக்கை தேவை. சிலநாள் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. விடுதியிலிருந்து வெளிவந்தவர் பழைய அளவையே எடுத்தால் மரணம் நேரிடக்கூடும்.

எங்கே சேர்வது? பெங்களூரில் நிம்ஹான்ஸ், ராஞ்சியில் 1918ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய மனநல மருத்துவமனை, அஸ்ஸாமில் தேஜ்பூர் நிலையம், காஸியாபாத்தில் அகில இந்திய மருத்துவக் கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் ஆகியவை மத்திய அரசின் பெரு நிலையங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில், 1794ஆம் ஆண்டு முதல் வரலாறுடைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனையும், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய நிலையமும் பலர் அறிந்தவை.

இங்கேயே சேர்வதா, ஊருக்குப் போவதா என்பது நம் போன்றோருக்கே உரிய கேள்வி. மனோவைத்தியத்தில் பாதி மருந்து பேச்சு. தன் நெஞ்சின் துயரைத் தெரியாத மொழியில் எவரால் சொல்ல இயலும்? ஆகவே நெடுநாள் ஆலோசனைக்குத் தாய்மொழி பேசும் இடம் சிறந்தது. எனினும் ஊரில் குணமடைந்து, பழைய தெருவுக்கும் பழைய நண்பர்களுக்குமே திரும்புகிறவரை, இங்கே எந்த மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். வலிப்பு, தற்கொலை எண்ணம் போன்ற அவசர நிலையிலோ, ரயிலேறி ஊர்போய்ச் சேரும்வரை காத்திருக்கலாகாது. அருகிலுள்ள மருத்துவமனையே சரியான இடம்.

குடும்பம் உடனிருப்பதன் பலனையும் கூற வேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் முறை நெடுநாள் வழக்கம். நோயாளியைக் காணவும் பேசவும் உறவினரை அடியோடு தடுக்கும் இடத்தைக் கண்டால் நாம் சந்தேகம் கொள்ள வேண்டும்.

சந்தேகம் கொள்ளாததன் விலையைத் தமிழ்நாடு அறியும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களையும் உறவினர்தாம் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டிருந்தனர்.

இன்று நமக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் துணையிருக்கிறது. மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைக் கோளாறுகளும் அதில் அடங்கும். பதினெட்டு வயது நிரம்பியவர் தாமே விரும்பிச் சேரலாம். அவ்வாறு சேர்ந்தவருக்கு, விளக்கிக் கூறிச் சம்மதம் பெறாமல் சிகிச்சை அளிக்கலாகாது. அவர் விடைபெற விரும்பினால் அனுப்பிவிட வேண்டும். நிலை கவலைக்குரியதாகத் தோன்றினால் பரிசோதனைக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம். தாமே முடிவு செய்ய இயலாத அளவு நோய் முற்றியவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பின்னரே சேர்க்கலாம். முதல் தடவை 30 நாட்களுக்கு மேற்படலாகாது. அந்தச் சேர்க்கையை எதிர்த்து மறுஆய்வு வாரியத்திடம் முறையிடவும் இடமுண்டு. சங்கிலியிடுதல் எவ்விதத்திலும் கூடாது. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாயிருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையும் உண்டு.

ஆகவே சேருமுன் கேட்க வேண்டியவை இவை: நிலையம் இச்சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா? மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கொருமுறை வருவார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்? உறவினர் எப்போது பார்க்கலாம், தொலைபேசியில் பேசலாமா? மொத்தச் செலவு எவ்வளவு? வீடு திரும்பிய பின் தொடர்ச்சி என்ன? தமிழ் அறிந்தவர் எவரேனும் உண்டா? ‘உறுதியாகக் குணமாக்குவோம்’ என்று வாக்களிப்பவரை விட, இக்கேள்விகளுக்குப் பொறுமையாக விடை கூறுபவரே நம்பத்தக்கவர்.

அந்த மனிதரின் கதைக்கு வருவோம். நாங்கள் மூவரும் மாறிமாறி விவரம் சொல்லிக்கொண்டிருக்க, டாக்டர் கையமர்த்தி, “இவருக்கு என்ன வேண்டும் என்று இவரைக் கேளுங்கள்” என்றார். கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, “கடையை யார் பார்ப்பது? அதுதான் பயம்” என்றார். அதுவரை நாங்கள் பிடிவாதம் என்று எண்ணியிருந்தது, கடையைப் பற்றிய கவலையாக இருந்தது. கடையை மனைவியும் மைத்துனரும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. அவர் சம்மதப் படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டுத் தாமே கையெழுத்திட்டார். பதினெட்டு நாட்கள் தங்கினார். பின்னர் ஒருமுறை வழுக்கியதும் உண்டு. அப்போது தாமாகவே மருத்துவமனைக்குச் சென்றார். வழி தெரிந்திருந்தது, வண்டி அனுப்பிப் பிடித்து வர வேண்டியிருக்கவில்லை.

உங்கள் இல்லத்தில் இக்கேள்வி எழுந்து, கேட்க ஆளில்லையெனில், 14416 என்னும் எண்ணுக்குப் பேசுங்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இந்த அரசுச் சேவை இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மொழிகளில் தமிழும் ஒன்று. போதைப் பழக்கத்திற்கென 14446 என்னும் இலவச எண்ணும் உண்டு. பேசுவதற்கு முன்போ பின்போ, யாருக்காகப் பேசுகிறீர்களோ அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். சேர்ப்பது நம்மால் ஆகலாம். சேர்வது அவரால்தான் ஆகும்.